மாமாவின் புது ரயர்களும் உடைந்த முன் அச்சும்

“மெஷின் படுத்திட்டுது, பிள்ளை” என்று மாமா தொலைபேசியில் சொன்னபோது, இரணைமடுக் குளத்தின் வாய்க்கால்களில் சிறுபோகத் தண்ணீர் ஓடத் தொடங்கி ஒரு கிழமைகூட ஆகியிருக்கவில்லை.

கிளிநொச்சிப் பக்கம் வயல் செய்பவர்களுக்கு அந்த ஒரு வசனத்தின் பாரம் விளங்கும். காலபோகம் மழையை நம்பியது. பலர் புழுதியிலேயே விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருப்பார்கள். சிறுபோகம் அப்படியல்ல. குளத்தில் இருக்கும் தண்ணீருக்கு ஏற்ப எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்த நாளில் தண்ணீர் திறப்பது, எந்த நாளுக்குள் விதைப்பை முடிப்பது என்பதெல்லாம் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானிக்கப்படும். தண்ணீர் வந்ததும் வயலைச் சேறடித்து, மட்டம் பிடித்து, நாள் தவறாமல் விதைத்தாக வேண்டும். கூலிக்கு உழுபவர்கள் இரவில் லைட் போட்டும் உழுவது அந்த நாட்களில்தான். மாமாவுக்குச் சொந்தமாக இரண்டு ஏக்கர்தான் இருக்கிறது. குடும்பம் நடப்பது அடுத்தவர்களின் வயலை உழுது கொடுக்கும் காசில். மெஷின் லீசிங்கில் எடுத்தது.

இரண்டு நாள் கழித்து நான் போனபோது, பரந்தனுக்கு அருகே ஒரு கராஜில் முன் அச்சு பிரிக்கப்பட்ட நிலையில் மெஷின் கட்டைகளின் மேல் நின்றது. எண்ணெய்த் தட்டில் உடைந்த பற்கள் கிடந்தன. முன் சில்லுகளுக்கு இழுவையைக் கொண்டுபோகும் கூம்புப் பற்சில்லு போய்விட்டது. உதிரிப்பாகமும் கூலியும் சேர்த்து ஐந்து மாத லீசிங் கட்டுக்காசு அளவில் வரும் என்றார் மெக்கானிக். மாமா ஒன்றும் பேசவில்லை. எனக்கு விசித்திரமாகப் பட்டது என்னவென்றால், பேசும்போது மெக்கானிக்கின் கண் அந்தப் பற்சில்லின் மேல் இருக்கவே இல்லை. மரநிழலில் சாய்த்து வைத்திருந்த பின் ரயர்களையே திரும்பத் திரும்பப் பார்த்தார்.

“உந்த ரயர் எப்ப போட்டது?”

“தண்ணி திறக்க முந்தி. புதுசு.”

“பழசு என்ன சைஸ்?”

மாமா சொன்னார். பழையது 11.2-24, புதியது 12.4-24. “றிம் ஒண்டுதான். கடைக்காரர் அப்பிடியே ஏறும் எண்டவர். ஏறினதுதானே?”

ஏறியது உண்மைதான்.

இந்த இடத்தில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். நம் நாட்டில் ‘நான்கு சக்கர உழவு இயந்திரம்’ என்றால் நான்கு சில்லு உள்ள இயந்திரம் என்று மட்டுமே பொருள். லாண்ட்மாஸ்டர் என்று நாம் சொல்லும் இரு சக்கர இயந்திரத்திலிருந்து பிரித்துச் சொல்ல வந்த பெயர் அது. அப்படிப்பட்ட பெரிய மெஷின்களில் எங்கள் பக்கம் நெடுங்காலமாக ஓடியவற்றில் பெரும்பாலானவை பின் சில்லு மட்டும் இழுப்பவை. முன் சில்லு வெறுமனே உருளும், ஸ்டியரிங்குக்குத் திரும்பும், அவ்வளவுதான். அந்த மெஷினில் பின் ரயரை ஒரு சைஸ் பெரிதாக்கினால் பெரிய தீங்கு வராது. மாமா இருபது வருடம் ஓட்டிப் பழகியது அதைத்தான். இப்போது அவரிடம் இருப்பது ஜப்பானில் பாவித்து இங்கு இறக்கிய சிறிய மெஷின். நான்கு சில்லும் இழுக்கும். அதோடு கைநூல் வரவில்லை. ஒட்டியிருக்கும் எச்சரிக்கைத் தாள்கள் எல்லாம் ஜப்பானிய மொழியில். மட்கார்ட்டில் சிவப்பு நிறத்தில் ஏதோ முக்கியமாக எழுதியிருக்கிறது. என்னவென்று எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது.

மெக்கானிக் எனக்கு விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன்.

நான்கு சில்லும் இழுக்கும் இத்தகைய உழவு இயந்திரத்தில் முன் அச்சும் பின் அச்சும் பற்சில்லுகளால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருக்கின்றன. சில ஜீப், கார்களில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் ஒரு டிஃபரன்ஷல் இருந்து, இரண்டின் வேக வித்தியாசத்தை ஈடு செய்யும். இதில் அது இல்லை. லீவரைப் போட்டுவிட்டால், பின் சில்லு ஒரு சுற்றுச் சுற்றும்போது முன் சில்லு இத்தனை சுற்றுத்தான் சுற்றும் என்பது இரும்பில் எழுதிய கணக்கு. முன் ரயர் சிறியது, பின் ரயர் பெரியது. எனவே சிறியது கூடுதலாகச் சுற்றி, இரண்டும் தரையில் ஏறக்குறைய ஒரே தூரம் போகும்படி அந்தக் கணக்கைத் தொழிற்சாலையிலேயே போட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கு குறிப்பிட்ட உயரமுள்ள ரயர்களுக்கானது. ரயரின் உயரத்தை மாற்றினால் கணக்கு பிழைக்கும். பற்சில்லுக்கு அது தெரியாது. அது பழைய கணக்கிலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

‘ஏறக்குறைய’ என்றேன். சரிக்குச் சரியாக அல்ல, முன் ரயர் பின் ரயரைவிடச் சற்றுக் கூடுதலான தூரம் போகும்படிதான் வைப்பார்கள். பெரும்பாலும் 1 முதல் 5 வீதம் வரை. வயல் மூலையில் திருப்பும்போது முன் சில்லுகள் பின் சில்லுகளைவிடப் பெரிய வளைவில் போக வேண்டியிருக்கிறது என்பது ஒரு காரணம். நேராகப் போகும்போதும் முன் சில்லு மெஷினை இழுக்க வேண்டுமே தவிர, பின் சில்லால் தள்ளப்படக் கூடாது என்பது மற்றது. இந்த முந்துதல் 5 வீதத்தைத் தாண்டினால் முன் ரயர் வீணாகச் சுழன்று தேயும், பற்சில்லுகள் முறுக்குப்படும். குறைந்து பூச்சியத்துக்குக் கீழே போனால் அதைவிட மோசம். பின் சில்லு ஓட, முன் சில்லு பிரேக் பிடித்ததுபோல் இழுபடும். தரை முன் சில்லைத் தள்ள, அந்தத் தள்ளல் முன் அச்சு வழியாகப் பின்னோக்கி வந்து, பற்களின் இழுக்கும் பக்கத்தில் விழ வேண்டிய பாரம் மறுபக்கத்தில் விழும்.

மாமாவின் மெஷினில் நடந்தது இந்த இரண்டாவது.

இனி ரயரில் எழுதியிருக்கும் எண். 11.2-24 என்றால் ரயரின் அகலம் 11.2 அங்குலம், றிம்மின் விட்டம் 24 அங்குலம். 12.4-24 அதே றிம், ஆனால் அகலம் கூட. கடைக்காரர் பார்த்தது அந்த 24ஐ. ரயரின் உயரம் அந்த எண்ணில் எங்கும் இல்லை. இந்தப் பழைய முறை அளவுகளில் அகலம் கூடினால் பக்கச் சுவரின் உயரமும் சேர்ந்து கூடும். எனவே அகலம் மட்டும் மாறியதாகத் தோன்றும் இடத்தில் சுற்றளவும் மாறிவிடுகிறது. இன்னொன்று, ஒரே எண் போட்ட இரண்டு ரயர்கள்கூட ஒரே உயரம் இல்லை. ஆர்-2 என்று குறித்திருக்கும் சேற்று ரயரின் கட்டைகள் சாதாரண ஆர்-1 ரயரின் கட்டைகளைவிட ஏறக்குறைய இரு மடங்கு உயரமானவை. சேற்று வயலுக்கு அது நல்லது. ஆனால் ஆர்-1 ஐக் கழற்றிவிட்டு அதே சைஸில் ஆர்-2 ஐப் பின்னுக்கு மட்டும் போட்டாலும் கணக்கு அசையும்.

தேய்மானமும் இப்படித்தான். நான் இதை வீட்டுக்கு வந்து கடதாசியில் போட்டுப் பார்த்த பிறகுதான் நம்பினேன். கட்டை 10 மில்லிமீற்றர் தேய்ந்தால் ரயரின் ஆரை 10 மில்லிமீற்றர் குறையும். ஒரு சுற்றுக்கு அது போகும் தூரம் 63 மில்லிமீற்றர் குறையும். ஒரு சுற்றுக்கு 2.2 மீற்றர் போகும் சிறிய முன் ரயருக்கு அது ஏறக்குறைய 3 வீதம். அதாவது தொழிற்சாலையில் வைத்த முந்துதலில் பெரும்பகுதியை முன் ரயரின் தேய்மானம் மட்டுமே தின்றுவிடக்கூடும். காசு இல்லாத நேரத்தில் நம்மவர்கள் செய்வது என்ன? பின் ரயர் இரண்டையும் புதிதாகப் போட்டுவிட்டு, ‘முன்னுக்கு இருக்கிறது இன்னும் ஒரு போகம் ஓடும்’ என்று விடுவது. மாமாவும் அதையேதான் செய்தார். பின்னால் ஒரு சைஸ் பெரிய புது ரயர், முன்னால் தேய்ந்த 7-16.

ஏன் பெரிய ரயர் போட்டீர்கள் என்று அவரைக் கேட்டேன். கடைசியாக உழுத பள்ளக்காணி ஒன்றில் மெஷின் வயிறு தட்டும்வரை புதைந்ததாம். இழுத்தெடுக்க இன்னொரு மெஷின் பிடிக்க வேண்டி வந்தது. அகலமான ரயர் போட்டால் புதையாது என்று பலரும் சொல்லியிருக்கிறார்கள். அதில் பிழை சொல்ல முடியாது, அகன்ற ரயர் பாரத்தைப் பரப்பும் என்பது சரியே. ஆனால் புதைவதற்கு மருந்து அது மட்டுமல்ல. பின் ரயருக்கு வெளியே பூட்டும் இரும்புச் சில்லு இருக்கிறது. அது ரயரைவிடச் சற்றுச் சிறிதாக இருந்தால் கணக்கைக் குழப்பாது, சேற்றில் மட்டும் கடித்து உதவும். அவரிடம் ஒரு சோடி வீட்டுப் பின்புறத்தில் துருப்பிடித்துக் கிடக்கிறது. ஒவ்வொரு முறையும் வீதியில் ஏறுமுன் கழற்றிப் பூட்டுவது கரைச்சல் என்று விட்டுவிட்டாராம்.

கடையில் 11.2-24 இருக்கவில்லை என்பது இன்னொரு காரணம். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, ரயர் இறக்குமதிக்கும் கட்டுப்பாடு வந்த காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். ரப்பர் விளையும் நாட்டில் ரயருக்கு அலைந்தோம். உழவு இயந்திர ரயர்கள் இங்கேயும் உற்பத்தியாகின்றனதான். ஆனால் ஜப்பானிய சிறு மெஷின்களின் சைஸ்கள் எல்லாக் கடையிலும் எல்லா நேரமும் கிடைப்பதில்லை. ‘இருக்கிறதைப் போடு’ என்ற பழக்கம் அந்த நாட்களில் ஊறியது. கட்டுப்பாடு தளர்ந்தும் பழக்கம் போகவில்லை என்றே நினைக்கிறேன்.

புதிய பற்சில்லு கொழும்பிலிருந்து வர எட்டு நாள் எடுத்தது. அந்த எட்டு நாளில் மாமா உழுவதாக ஒப்புக்கொண்ட வயல்களை வேறு மெஷின்கள் உழுதன. அவருடைய இரண்டு ஏக்கரையும் மைத்துனர் ஒருவர் கடனுக்கு உழுது கொடுத்தார்.

அச்சைப் பூட்டிய பிறகு, காசை வாங்கமுன் மெக்கானிக் ஒரு சோதனை செய்தார். உழவு இயந்திரம் வைத்திருக்கும் எவரும் ஒரு வெண்கட்டியோடு செய்யக்கூடியது அது. நான்கு ரயருக்கும் காற்று சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்த்தார். காற்று குறைந்தால் ரயர் பதிந்து அளவு மாறும். பிறகு மெஷினைக் கராஜுக்கு முன்னால் இருந்த இறுகிய சமதரையில் நிறுத்தி, ஒரு பின் ரயரிலும் ஒரு முன் ரயரிலும் தரையைத் தொடும் இடத்தில் வெண்கட்டியால் கோடு போட்டார். முதலில் முன் இழுவை லீவரைப் போடாமல், நேராக, ஆமை வேகத்தில் பின் சில்லு பத்துச் சுற்று வரும்வரை ஓட்டச் சொன்னார். பக்கத்தில் நடந்தபடி முன் சில்லின் சுற்றை எண்ணியது நான். பதினாறேகால். மீண்டும் தொடங்கிய இடத்துக்கு வந்து, இந்த முறை லீவரைப் போட்டு அதே பத்துச் சுற்று. பதினைந்தரை.

லீவர் போடாதபோது முன் சில்லு தரை சொல்வதைக் கேட்டுச் சுற்றுகிறது. போட்டபோது பற்சில்லு சொல்வதைக் கேட்கிறது. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்து, முதலாவதால் பிரித்து, நூறால் பெருக்கினால் முந்துதல் வீதம் வந்துவிடும். மாமாவின் மெஷினுக்கு வந்தது மறை 4.6. நூறு மீற்றர் போனால் முன் ரயர் நாலரை மீற்றருக்கு மேல் தரையில் உரஞ்சுப்பட்டிருக்கிறது. சேற்றில் அந்த உரசல் வழுக்கிப் போய்விடும், முன் சில்லு சேற்றைக் குவித்துத் தள்ளுவதாக மட்டும் தெரியும். இறுகிய கிரவல் வீதியிலும் தார் வீதியிலும் வழுக்க இடமில்லை. எல்லா முறுக்கையும் பற்களே தாங்க வேண்டும். வயலுக்கு வயல் போகும்போது லீவரை எடுத்துவிடுவீர்களா என்று மெக்கானிக் கேட்டார். “இறுகிப்போய் நிக்கும் அண்ணை, எடுக்க ஏலாது. அப்பிடியே ஓடிறனான்” என்றார் மாமா.

அந்த லீவர் இறுகியதுதான் மெஷின் கொடுத்த முதல் எச்சரிக்கை. முறுக்கேறிய பற்கள் ஒன்றையொன்று விட மறுக்கின்றன என்று அர்த்தம். மாமா அதற்குக் கிறீஸ் பூசியிருக்கிறார்.

அதே மாடல் மெஷின் ஒன்று வேறு வேலைக்காகக் கராஜில் நின்றது. பின்னுக்கு 11.2-24, முன்னுக்கு அதிகம் தேயாத 7-16. அதையும் எண்ணிப் பார்த்தோம். லீவர் இல்லாமல் பதினைந்து, போட்டால் பதினைந்தரை. 3.3 வீதம் முந்துதல். இதுதான் தொழிற்சாலை நினைத்தது.

இனி என்ன செய்வது? பழைய சைஸுக்கே திரும்பலாம். ஆனால் ஒரு கிழமை ஓடிய 12.4-24 ஐக் கடைக்காரர் பாதி விலைக்குத்தான் திருப்பி எடுப்பாராம். முன் ரயரையும் ஒரு படி கூட்டி, புதிதாக 8-16 போட்டால் சரிதானே என்று நான் கேட்டேன். எனக்கு அது புத்திசாலித்தனமான கேள்வியாகவே பட்டது. மெக்கானிக் சிரிக்காமல் கணக்குப் போட்டார். பின் ரயர் ஒரு சுற்றுக்கு 3.48 மீற்றர் போகிறது. அவர் முன்பு அளந்து வைத்திருந்த புது 8-16 ஒன்று 2.37 மீற்றர் போகும். அதை 1.55 ஆல் பெருக்கி 3.48 ஆல் பிரித்தால் முந்துதல் 5.6 வீதம். இந்தப் பக்கத்துப் பள்ளத்திலிருந்து அந்தப் பக்கத்துப் பள்ளத்தில் விழுவது. முன்னும் பின்னும் ஒரு படி கூட்டினால் விகிதம் மாறாது என்று நினைப்பது பிழை. முன் ரயரின் ஒரு படியும் பின் ரயரின் ஒரு படியும் ஒரே அளவு இல்லை. ரயர் தயாரிப்பவர்கள் தங்கள் பட்டியலில் ஒவ்வொரு ரயருக்கும் உருளும் சுற்றளவைக் கொடுத்திருப்பார்கள். பொருத்திப் பார்க்க வேண்டியது அதைத்தான்.

“பாதி தேஞ்ச 8-16 ஒரு சோடி கிடைச்சா, அதுதான் உங்களுக்கு மருந்து” என்றார். காசு கொடுத்துத் தேய்ந்த ரயர் தேடும்படி ஒருவர் ஆலோசனை சொல்லி நான் கேட்டது அதுவே முதல் தடவை.

பழைய ரயர் விற்கும் கடை ஒன்றுக்கு நானும் மாமாவும் தையல் நாடாவோடு போனோம். மெக்கானிக் ஒரு நிபந்தனை சொல்லியிருந்தார். பாரம் ஏறாத ரயரைச் சுற்றி அளந்தால் வரும் அளவு, மெஷினில் பூட்டி ஓடும்போது போகும் தூரத்தைவிடக் கூடவே இருக்கும். எனவே இரண்டையும் கலக்கக் கூடாது. முதலில் எங்களுடைய தேய்ந்த 7-16 ஐ ஜாக்கி வைத்துத் தூக்கி, கட்டைகளின் மேலாக நாடாவைச் சுற்றி அளந்துகொள்ள வேண்டும். கடையில் அதைவிடச் சுமார் 16 சென்ரிமீற்றர் கூடிய சோடி வேண்டும். இரண்டும் ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும். பழைய றிம்முக்கு அந்த அகலம் பொருந்துமா என்றும், ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் ரயர் எங்கும் தட்டுமா என்றும் பார்க்க வேண்டும். கடைப் பொடியன் நாடாவைப் பார்த்து, “என்ன ஐயா, ரயருக்குச் சட்டை தைக்கப் போறியளோ?” என்றான். ஐந்து சோடி அளந்தோம். நான்காவது 15 சென்ரிமீற்றர் கூட இருந்தது.

பூட்டியபின் கராஜ் முற்றத்தில் மறுபடி வெண்கட்டி. லீவர் இல்லாமல் பத்துச் சுற்றுக்கு முன் சில்லு பதினைந்தைத் தாண்டி, கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாக நின்றது. லீவர் போட்டபோது அதே பதினைந்தரை. ஏறத்தாழ 2 வீதம். மெக்கானிக் தலையாட்டினார். லீவர் ஒரு விரலால் தள்ளியதும் கழன்றது. மாமா அதை மூன்று நான்கு தரம் போட்டு எடுத்துப் பார்த்தார்.

அந்தச் சிறுபோகத்தில் அவருக்கு மிஞ்சியிருந்தது, தண்ணீர் கடைசியாக எட்டும் கடைக்கோடி வாய்க்காலில் ஏழு ஏக்கர் மட்டுமே. ஐந்து மாதக் கட்டுக்காசில் பாதியை இன்னும் மைத்துனருக்குக் கொடுக்க இருக்கிறது. போன மாதம் போனபோது பார்த்தேன். யாருக்கும் விளங்காத அந்த ஜப்பானியத் தாளுக்குப் பக்கத்தில், மட்கார்ட்டின் உட்புறத்தில் வெள்ளைப் பெயின்ற்றால் எழுதியிருக்கிறார்: பத்துக்கு 15½. கீழே, சிறிய எழுத்தில், தார் றோட்டில் லீவர் எடு.